தோசைக்கு ஓர் ஒப்பாரி

ராம்குமார் வீட்டில் வாய் என்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. பொறாமையில் கிளப்பிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் முக்கால்வாசி உண்மை. அருப்புக்கோட்டையில் மற்றவர்களும்தான் விசைத்தறி ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் பின்னால் ஒரு கொட்டகை போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ராம்குமார் நாலு தறியையும் நடுவீட்டில் இறக்கினார். ஒரு பக்கம் அடுப்படி, ஒரு பக்கம் படுக்கிற அறை, நடுவில் தடதடதடவென்று நாலு தறி. விருந்தாளிகள் வந்தால் காப்பியை அவசரமாகக் குடித்துவிட்டு, தெருமுனைக்குப் போய்த்தான் நலம் விசாரிப்பார்கள்.

அதற்குள் யார் யாரை வாயால் கூப்பிட முடியும்? எல்லாம் கையால்தான். கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் தண்ணீர். உள்ளங்கையில் விரலால் வட்டம் போட்டால் தோசை. மீசையை முறுக்கிக் காட்டினால் ராம்குமார். உச்சந்தலையைத் தடவினால் அவருடைய அப்பா காளீஸ்வரன். அவருக்கு அந்த இடத்தில் ஒரு முடி கிடையாது. இரண்டு கையையும் குப்புறக் கவிழ்த்தால் ஓட்டம் நின்றுவிட்டது என்று அர்த்தம். கனகலட்சுமி திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதல் வாரம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாவது வாரம் கைக்கு மாறினாள். மூன்றாவது மாதம் மாமனாரோடு ஒரு முழுச் சண்டையையே சத்தமில்லாமல் போட்டு முடித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிறந்ததும் காளீஸ்வரன் தன்னைப் பெற்றவள் பெயரை வைத்தார். கோகிலாம்பாள். குயிலின் பெயரைச் சுமந்த அந்தப் பிள்ளைக்கு மூன்றே முக்கால் வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. அழுவாள், சிரிப்பாள், தும்முவாள். பேச மட்டும் மாட்டாள்.

"ஏ கனகு, பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாத்தியா?" என்று எதிர்வீட்டுச் சுமதி வாரம் ஒருமுறையாவது கேட்பாள். கேட்டுவிட்டுப் பிள்ளையின் வாய்க்குள் தானே எட்டிப் பார்ப்பாள். "எங்க மதினி மகனுக்கு இப்படித்தான், அஞ்சு வயசு வரைக்கும் ஒண்ணும் இல்ல."

"பெறகு பேசிருச்சாக்கா?"

"எங்க பேசுச்சு? சிவகாசியில தீப்பெட்டி ஒட்டுற வேலைக்குப் போகுது. ஊமையா இருந்தாலும் கெட்டிக்காரப் பய."

ஆறுதல் சொல்வதில் சுமதிக்கு நிகர் சுமதிதான்.

சித்திரை பிறந்தது. வெக்கை தறியின் இரும்பில் ஏறிக் கை வைத்தால் சுட்டது. அப்போதுதான் ராம்குமார் முடிவைச் சொன்னார். மதுரைப் பக்கம் காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறதாம். ஜூன் மாதம் சேர்க்கையாம். விண்ணப்பப் பாரமும் வாங்கி வந்துவிட்டார்.

"நாலு வயசுப் பிள்ளைய ஹாஸ்டல்லயா விடுவாக?" கனகலட்சுமி அன்றைக்குக் கையால் கேட்கவில்லை, கத்தியே கேட்டாள்.

"பின்ன? இங்க வச்சு என்ன செய்யப் போறே? நம்ம ரெண்டு பேரும் தறியில நிக்கிறோம். அங்கன்னா அவுக சொல்லிக் குடுப்பாக."

"சொல்லிக் குடுக்கட்டும். சோறு ஆரு ஊட்டுவா?"

ராம்குமார் எழுந்துகொண்டார். ஆள் கெட்டவர் இல்லை. பதில் இல்லாதபோது ஊடை நூல் பார்க்கப் போய்விடுகிற சுபாவம். போகிற போக்கில், "காது டெஸ்ட்டு எடுத்து சர்டிபிகேட்டு வாங்கணும். விருதுநகர் போயிட்டு வந்துரு" என்றார்.

அவள் பாலவனத்தம் வழியாகப் போகிற பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். கம்பங்கொல்லை எல்லாம் அறுத்துத் தரிசாகக் கிடந்தது. ஜன்னல் வழியாக அனல். பிள்ளை கட்டைவிரலை உதட்டில் வைத்தது. அவள் தண்ணீர் கொடுத்தாள். பிறகு உள்ளங்கையில் வட்டம் போட்டது. "பஸ்ஸுல தோசைக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் காதுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் ஒரு சின்னப் பெண். பார்த்தால் காலேஜில் படிக்கிறவள் மாதிரி இருந்தாள். பிள்ளையோடு பத்து நிமிஷம் விளையாடினாள். அதற்குள் பிள்ளை தண்ணீர் கேட்டது, விசிறி கேட்டது, மேஜை மேலிருந்த பொம்மையைக் கேட்டது, போதும் வீட்டுக்குப் போகலாம் என்றது. எல்லாம் கையால். டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அக்கா, யாரு இவளுக்குப் பேச்சு இல்லைன்னு சொன்னது? லொடலொடன்னு பேசுறாளே. எல்லாம் கையில இருக்கு. நீங்க வீட்ல எப்படிப் பேசிக்குவீங்க?"

கனகலட்சுமி சொன்னாள். கையாலும் சொல்லிக் காட்டினாள். பாதி சொல்லும்போதே அவளுக்கு உறைத்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டீச்சர் ஒரு சின்ன மேளத்தை எடுத்துத் தரையில் வைத்து, "கோ, கி, லா" என்று மூன்று தட்டுத் தட்டினாள். பிள்ளை மூன்று தட்டியது. "கோ கி லாம் பாள்" என்று நாலு தட்டினாள். பிள்ளை நாலு தட்டியது. அதோடு விட்டதா? மேளத்தைத் தன் பக்கம் இழுத்து, தடதட்தட தடதட்தட என்று தறி ஓட்டத்தை அப்படியே வாசித்தது. ஒரு பிசகு கிடையாது. இரண்டாம் நம்பர் தறி லேசாக நொண்டும், அந்த நொண்டல் முதற்கொண்டு வந்தது. பக்கத்து அறையிலிருந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"தாளம் ரத்தத்துல இருக்குக்கா. இதை வச்சே இழுத்துரலாம்" என்று டீச்சர் எழுந்தே நின்றுவிட்டாள். "பாடுங்க. சும்மா பேசுனா வார்த்தை விருட்டுன்னு ஓடிப்போயிரும், பிள்ளை பிடிக்கிறதுக்குள்ள தாண்டிரும். பாட்டுல இழுக்கிறோம்ல? இழுக்க இழுக்கப் பிடிச்சுக்கும். ஒரே மெட்டு, தினமும் ஒரே நேரம், தொடையில தட்டிக்கிட்டே பாடுங்க. வீட்ல இருக்கிற சாமான் பேரா வரட்டும். கடைசி வார்த்தைய மட்டும் பாடாம விட்ருங்க. விட்டுட்டு அது மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருங்க. மெட்டு முடியலேன்னா பிள்ளைகளுக்கு இருப்புக் கொள்ளாது. அதுவா முடிக்கப் பாக்கும்."

"கைய ஆட்டக் கூடாதுன்னு மெரட்டணுமா டீச்சர்?"

"ஐயையோ, கை இருக்கட்டும். கை போற எடத்துக்கு வாயையும் கூட்டிக்கிட்டுப் போங்க. தறிச் சத்தம் இல்லாத நேரமாப் பாத்துச் செய்ங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ராம்குமார் நெற்றியைச் சுருக்கினார். "பாட்டா? காது நல்லா இருந்தும் பேசலேன்னா அது வேற கோளாறு. பாட்டுப் பாடுனாச் சரியாப் போகுமாக்கும்."

காளீஸ்வரன் மருமகள் கட்சி. எப்போதும் இல்லை, அன்றைக்கு. "ஏலே, பாடிப் பாக்கட்டும்லே. பாட்டுக்கு நீயா நூலு குடுக்கப் போறே?"

"ஜூன் ஒண்ணாந் தேதி வரைக்கும்" என்றார் ராம்குமார். "அதுக்கு மேல ஒரு நாளு கிடையாது." பாரத்தை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் சொருகினார். முப்பத்தெட்டு நாள் இருந்தது. கனகலட்சுமி விரல் விட்டு எண்ணினாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு, சாப்பாட்டுக்குத் தறி நிற்கிற முக்கால் மணி நேரம் அவளுக்குக் கிடைத்தது. முதல் நாலு நாள் சினிமாப் பாட்டு. கூலிக்குத் தறி ஓட்ட வருகிற மணிகண்டன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, "அக்கா, இந்தப் பாட்டுக்கு இப்படி ஒரு மெட்டும் இருக்குதா?" என்றார். பிள்ளை எழுந்து பூனையைப் பார்க்கப் போய்விட்டது. அடுத்து மூன்று நாள் போனில் குழந்தைப் பாட்டு. பிள்ளை போனை வாங்கிக்கொண்டதே தவிர வாயைத் திறக்கவில்லை.

எட்டாவது நாள், தோசைக்கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே தன் போக்கில் ஆரம்பித்தாள். மெதுவாக இழுத்து, ஒரு அடி ஏறி, பிறகு படிப்படியாக இறங்கி, கடைசியில் மூச்சு விடுகிற மாதிரி.

"வட்டமாச் சுட்டு வச்சேன்... ஏந் தாயே
வாசனைக்கு நெய்யும் விட்டேன்...
தட்டுல நான் எடுத்து வச்ச
தங்க நெறத்து..."

அங்கே நிறுத்தினாள். பூனையைத் துரத்திக்கொண்டிருந்த பிள்ளை திரும்பிப் பார்த்தது. வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. உள்ளங்கையில் வட்டம் போட்டது. வாய் லேசாகத் திறந்து மூடியது. அவ்வளவுதான். ஆனால் கனகலட்சுமி அந்த வாயையே பார்த்தபடி இருந்தாள். தோசை கருகியது அவளுக்குத் தெரியவே இல்லை.

பாத்திரம் விளக்கும்போதுதான் அது என்ன மெட்டு என்று பிடிபட்டது. பிடிபட்டதும் கையிலிருந்த சட்டி நழுவியது. ஒப்பாரி. அவளைப் பெற்றவள், ஊரில் இழவு விழுந்தால் முதல் அடி எடுத்துக் கொடுக்கிறவள். மடியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஊறிப்போனது. இழுவை உண்டு, தாளம் உண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவது உண்டு, அடி முடிவில் அடுத்தவள் வாங்கிக்கொள்ள இடம் விடுவதும் உண்டு. டீச்சர் கேட்டது அத்தனையும் அதில் இருந்தது. ஆனால் ஆள் உயிரோடு இருக்கிற வீட்டுக்குள் அதை எடுக்கலாமா? ஊரில் என்றால் சும்மா பாடிப் பார்ப்பதைக்கூடக் காட்டு வேலையோடு வைத்துக்கொள்வார்கள், வாசல் தாண்டவிட மாட்டார்கள்.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். வார்த்தைதான் வேறு, தோசைக்கும் சட்னிக்கும் பாடினால் யாருக்கு என்ன தோஷம் என்று முடிவு செய்தாள். ஆனாலும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, குரலை இறக்கித்தான் பாடினாள். தண்ணீர்ச் செம்புக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று, தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. பிள்ளை தினமும் ஒரு மணிக்கு அவள் முந்தானையைப் பிடித்து அடுப்படிக்கு இழுக்க ஆரம்பித்தது. தொடையில் தாளம் தட்டும், கையால் முடிக்கும், வாய் திறக்கும். சத்தம் மட்டும் வராது. பாரத்தின் முனை சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. மூன்று நாள் மிச்சம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ராம்குமார் நூல் கடைக்குப் போயிருந்தார். சாப்பிட்டதும் பாயில் விழுகிற காளீஸ்வரன், வெக்கை தாங்காமல் பஜாருக்கு வடை தின்னப் போயிருந்தார். இது யாருக்கும் தெரியாது. கனகலட்சுமி செம்புப் பாட்டைப் பாடி நிறுத்தினாள். பிள்ளை கட்டைவிரலை உதட்டில் வைத்தது. அப்புறம், அவள் நிறுத்திய அதே சுருதியில், "ங்... ஆ..." என்றது. மெட்டு இறங்குகிற இடத்தில் சரியாக இறங்கியது.

அவள் ஆடாமல் அசையாமல் இருந்தாள். மறுபடி பாடினாள். மறுபடியும், "ஆ..."

அந்த நேரம் பார்த்து மணிகண்டன் கையைக் கழுவிக்கொண்டு தறியைப் போட வந்தார். கனகலட்சுமி பாய்ந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். "அண்ணே, கோவிச்சுக்கிறாம வீட்டுக்குப் போங்க. இன்னைக்குத் தறி வேணாம்!"

"என்னக்கா, பாவு பாதியில நிக்குது..."

"நிக்கட்டும்ண்ணே!"

மணிகண்டன் மிரண்டுபோய் வெளியே வந்தார். அக்கா முகம் முழுக்கக் கண்ணீர், அது சந்தோஷக் கண்ணீர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு மணிக்கு வேலையாள் வீட்டுக்குப் போகிறாரே என்று எதிர்வீட்டு வாசலில் நின்ற சுமதி புருவத்தை உயர்த்தினாள். அவள் வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்ததால் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை, கையைச் சுழற்றி என்ன என்று கேட்டாள். மணிகண்டன் இரண்டு கையையும் குப்புறக் கவிழ்த்தார். ஓட்டம் நின்றுவிட்டது.

அவர் சொன்னது தறி ஓட்டம்.

சுமதிக்குத் திக்கென்றது. அந்தத் தெருவில் பட்டப்பகலில் தறி நின்றால் ஒன்று கரண்டு போயிருக்க வேண்டும், இல்லை வீட்டில் ஓர் உயிர் போயிருக்க வேண்டும். கரண்டு இருந்தது. அவள் உள்ளே ஓடித் தன் தறியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். ராம்குமார் வீட்டுக்குள்ளிருந்து கணீரென்று வந்தது. கனகலட்சுமி ஒரு மாதமாக அடக்கிவைத்திருந்த குரலை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"கட்டிலிலே படுத்திருப்பார்... ஏந் தாயே
கண்ணயர்ந்து தூங்கிடுவார்...
பட்டு வேட்டி கட்டி வரும்
பாசமுள்ள..."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? "ஆத்தாடி, பெரியவரு போயிட்டாரு!" என்று சுமதி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். தெருவின் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஐந்து நிமிஷத்தில் தெரு அப்படி ஓர் அமைதியாயிற்று. காக்கை கத்துவது கேட்டது. சுமதி ராம்குமாருக்குப் போன் போட்டாள். அவளுக்குச் செய்தியை மென்று சொல்லத் தெரியாது. "அண்ணே, ஒங்க அப்பா போயிட்டாருண்ணே. கெளம்பி வாங்க!"

தெருக்கோடி ராக்கம்மாள் கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்தாள். அறுபது வயது, அந்தத் தெருவின் எல்லாச் சாவுக்கும் முன்பாட்டுக்காரி. பின்னால் பன்னிரண்டு பெண்கள். அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கனகலட்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கல்லுபோல இருந்தீகளே... ஏ ராசா
காத்துக்குமோ சாஞ்சீக..."

பின்னால் பன்னிரண்டு பெண்களும் இழுத்தார்கள். வீடு அதிர்ந்தது. கனகலட்சுமி, "யக்கா, இல்லக்கா, யாரும் சாகலக்கா!" என்று கத்தினாள்.

"அப்படித்தான் இருக்கும்த்தா, மொதல்ல நம்ப முடியாது" என்று ராக்கம்மாள் அவள் முதுகைத் தடவிவிட்டு அடுத்த அடியை எடுத்தாள்.

பிள்ளைக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! தினமும் ஒரு குரலில் கேட்ட மெட்டு பதின்மூன்று குரலில் வந்தால்? பெண்கள் நடுவில் புகுந்து, ரெண்டு தொடையிலும் தட்டிக்கொண்டு குதித்தது. பெண்கள் மூச்சு வாங்க நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும், "ஆ... ஆ..." என்று முடித்துக் கொடுத்தது. சுமதிதான் முதலில் கவனித்தாள். "ஏ... ஏ, நிறுத்துங்கத்தா. ஊமைப் பிள்ளை எதிர்ப்பாட்டுப் பாடுது!"

எல்லோரும் நிறுத்தினார்கள். அந்த அமைதியில் வாசலில் ஒரு செருமல் கேட்டது. எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு காளீஸ்வரன் நின்றார்.

"யாருத்தா போனது? தெருவே தறிய நிறுத்தியிருக்கு. பஜார்ல ஒருத்தன் என்னையப் பாத்துட்டு சைக்கிளோட சாக்கடைக்குள்ள போறான்."

ராக்கம்மாள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, "நீங்கதான்" என்றாள்.

"நானா? ஆரு சொன்னது?"

பன்னிரண்டு கையும் சுமதியைக் காட்டின. சுமதி ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனகலட்சுமி மென்று விழுங்கி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் வண்டி சாய்ந்து விழுகிற சத்தம். ராம்குமார். கையில் ஆள் உயர ரோஜா மாலை. கண் இரண்டும் சிவந்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. "அப்பா..." என்று அலறிக்கொண்டு உள்ளே பாய்ந்தவர் அப்பாவின் மேலேயே மோதி நின்றார்.

"வா" என்றார் காளீஸ்வரன். "மாலை நல்லாத்தான் இருக்கு."

ராம்குமாருக்கு அழுகையும் ஆத்திரமும் ஒரே நேரத்தில் வந்து முட்டின. விஷயத்தைக் கேட்டதும் ஆத்திரம் ஜெயித்தது. "ஒப்பாரியா? பிள்ளைக்குப் பேச்சு வர வைக்கிறேன்னு வீட்டுக்குள்ள ஒப்பாரியா வச்சே? உயிரோட இருக்கிற மனுசனுக்கு மாலை வாங்க வச்சிட்டியேடி! போதும். நாளைக்கே பாரத்தைக் குடுத்துட்டு வாரேன். நாளைக்கே!"

சாமி படத்தின் பக்கம் அவர் கையை நீட்டினார்.

கனகலட்சுமி தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையை எதிரில் உட்காரவைத்துத் தொடையில் தட்டினாள். அத்தனை பேர் முன்னிலையில் அந்த இடத்திலேயே கட்டிப் பாடினாள்.

"வண்டியத்தான் கீழ போட்டு... ஏந் தாயே
வாசலுக்கு ஓடி வந்து...
மாலையோட நிக்கிறது
மீசை வச்ச..."

நிறுத்தினாள். பதின்மூன்று பெண்களும் மூச்சை நிறுத்தினார்கள். ராம்குமார் நீட்டிய கை அப்படியே நின்றது.

பிள்ளை அப்பாவைப் பார்த்தது. மாலையைப் பார்த்தது. கை மெதுவாக உதட்டுக்கு மேலே போய், இல்லாத மீசையை முறுக்கியது. உதடு ரெண்டும் ஒட்டி அழுந்தின. மெட்டு இறங்க வேண்டிய படி இறங்கி, முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது.

"ப்பா..."

ராம்குமார் பாரத்தை மறந்தார், மாலையை மறந்தார், வாய் இருப்பதையும் மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஒற்றை விரலை உயர்த்திக் கையாலேயே கேட்டார்: இன்னொரு தடவை.

"ப்பா" என்றது பிள்ளை. இந்தத் தடவை இழுக்காமல், மீசையை முறுக்காமல், வெறும் வாயால், வெடுக்கென்று.

அவர் மாலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ரோஜாவுக்குள் முகத்தை வைத்து அவர் அழுதார்; நிஜமாகவே இழவு விழுந்திருந்தால்கூட அப்படி அழுதிருக்க மாட்டார் என்று பிறகு பெண்கள் பேசிக்கொண்டார்கள். சுமதி குலவை போட்டாள். எதற்கும் பயன்படுகிற குரல் அது.

"இரு, இரு" என்று காளீஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "செத்தது நானு. பேரு அவனுக்கா? நல்லா இருக்கே ஞாயம். ஏ ராக்கம்மா, எனக்கு ஒண்ணு எடு."

"உயிரோட இருக்கிறவுகளுக்கு எடுக்க மாட்டேன்யா."

"இன்னைக்கு ஒரு நாளு செத்தவன்னே வச்சுக்க."

ராக்கம்மாள் கனகலட்சுமியைப் பார்த்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ராக்கம்மாள் தொண்டையைச் செருமி, பிள்ளைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு பெண்களும் தொடையில் தாளம் பிடித்தார்கள்.

"செத்தாருன்னு சேதி வந்து... ஏந் தாயே
தெருவெல்லாம் ஓடி வர...
வடை தின்னு வந்து நிக்கும்
வழுக்கைத் தலைத்..."

பிள்ளை உச்சந்தலையில் கையை வைத்தது. காளீஸ்வரன் குனிந்து, காதை அதன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.